ஆஸ்திரேலியக் கடற்கரைக்குப் போகிறீர்களா? சர்ஃப் கிளப்பிலிருந்து தொடங்குங்கள்

ஊரிலிருந்து யார் சிட்னிக்கு வந்தாலும் முதலில் கேட்பது ஓபரா ஹவுஸ், அடுத்தது பாண்டாய் கடற்கரை. கூட்டிப் போவேன். ஆனால் அவர்கள் செருப்பைக் கழற்றி மணலில் இறங்குவதற்கு முன்னாலேயே திரும்பி நிற்கச் சொல்லி, கடலைப் பார்த்தபடி இருக்கும் அந்தக் கட்டடத்தைக் காட்டிவிடுவேன். சர்ஃப் லைஃப்சேவிங் கிளப். பலர் அதை ஏதோ பணக்காரர்கள் கூடும் மன்றம் என்று நினைத்து ஒதுங்கிப் போகிறார்கள். நானும் வந்த புதிதில் இரண்டு வருடம் அப்படித்தான் ஒதுங்கிப் போனேன், அது வீணாய்ப் போன இரண்டு வருடம். இந்த நாட்டுக் கடற்கரை ஒழுங்காக, உயிரோடு, கலகலப்பாக இருப்பதே அந்தக் கட்டடத்தில் கூடும் ஆட்களால்தான். சம்பளம் வாங்காமல், தங்கள் சனி ஞாயிறைக் கொடுத்து, முன்பின் தெரியாதவர்களின் உயிரைக் காப்பவர்கள். நாடு முழுக்க 300க்கும் மேற்பட்ட கிளப்புகள், 2 லட்சத்துக்கு நெருக்கமான உறுப்பினர்கள்.

எப்படி வந்தது இதெல்லாம் என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பதற்குச் சுவை கூடும். ஒரு காலத்தில் சிட்னியில் பகல் வெளிச்சத்தில் கடலில் குளிப்பதே சட்டப்படி குற்றம். 1902இல் சிட்னியின் மேன்லி கடற்கரைப் பகுதியில் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த வில்லியம் கோச்சர் என்பவர், நான் நடுப்பகலில் இறங்கப் போகிறேன் என்று தன் பத்திரிகையிலேயே எழுதிவிட்டு இறங்கினார். அடுத்த வருடமே மேன்லி நகராட்சி விதியைத் தளர்த்தியது. கூட்டம் கடலுக்கு வந்தது, ஆனால் அலையில் நீந்தத் தெரிந்தவர்கள் சொற்பம், சாவுகள் வந்தன, கூடவே அந்தந்தக் கடற்கரை ஆட்களே கயிறும் கையுமாகக் காவலுக்கு நின்றார்கள். பாண்டாய் கிளப் 1907 பிப்ரவரியில் தொடங்கியது. பக்கத்து ப்ரான்டி கடற்கரை கிளப்காரர்கள் எங்களுடையது 1903 என்பார்கள், எது மூத்தது என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. அதே 1907 ஜனவரி 2ஆம் தேதி பாண்டாயில் அலையில் சிக்கி மூழ்கப்போன ஒரு 9 வயதுப் பையனை இழுத்துக் கரை சேர்த்தார்கள். அவன்தான் சார்ல்ஸ் கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித், பின்னாளில், 1928இல், அமெரிக்காவிலிருந்து பசிபிக் பெருங்கடலை விமானத்தில் கடந்து வந்தவர். நீங்கள் வந்து இறங்கும் சிட்னி விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான். கடற்கரையில் நின்று இதைச் சொல்லும்போது என் மாமனார் கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் படி: நாளையும் கடற்கரையையும் தேர்ந்தெடுப்பது

பீச்சேஃப் என்று ஒரு செயலி இருக்கிறது, சர்ஃப் லைஃப்சேவிங் அமைப்பே நடத்துவது, இலவசம். எந்தக் கடற்கரையில் இன்று காவல் இருக்கிறது, எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு, அலை எப்படி, ஆபத்து என்ன என்று எல்லாம் அதில் வரும். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே பாருங்கள், ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போனபின் பார்த்தால் மனசு திரும்பி வர ஒப்பாது.

நியூ சவுத் வேல்ஸில் தன்னார்வலர்கள் காவல் நிற்பது செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில். மற்ற நாட்களில் பெரிய கடற்கரைகளில் நகராட்சி சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் லைஃப்கார்டுகள் இருப்பார்கள். இரண்டு பேரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: மஞ்சள் முழுக்கைச் சட்டை, சிவப்பு அரைக்கால் சட்டை, சிவப்பும் மஞ்சளுமான தொப்பி என்றால் கிளப்பின் தன்னார்வலர். பாண்டாயில் நீலச் சட்டை என்றால் நகராட்சி ஆள். கிளப்பைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஞாயிறு காலையை விட நல்ல நேரம் கிடையாது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

போகும் வழி. பாண்டாய்க்கு ரயிலில் பாண்டாய் ஜங்ஷன் வரை போய் அங்கிருந்து 333 பஸ். காரில் போக நினைக்காதீர்கள், நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். மேன்லிக்கு சர்குலர் கீயிலிருந்து படகு, அரை மணி நேரம், துறைமுகம் முழுவதையும் பார்த்துவிடலாம். முதல் தடவை வருபவர்களுக்கு நான் மேன்லியைத்தான் சொல்வேன், படகுப் பயணமே பாதி சந்தோஷம்.

இரண்டாம் படி: உடுப்பும் பையும்

நம் வீட்டுப் பெண்கள் பலர் கடற்கரை என்றதும் தயங்குவது உடுப்புக்காகத்தான். தயங்கவே வேண்டாம். ராஷி என்று சொல்லும் முழுக்கை நீச்சல் சட்டையும் முழங்கால் வரையோ கணுக்கால் வரையோ வரும் லெகிங்ஸும் போட்டுக்கொண்டு இறங்குங்கள். வெயிலுக்காக இங்குள்ளவர்களே பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். உடல் முழுக்க மறைக்கும் புர்கினி என்ற நீச்சல் உடையே சிட்னியில் பிறந்ததுதான். 2005இல் குரோனல்லா கடற்கரையில் நடந்த இனக் கலவரத்துக்குப் பிறகு முஸ்லிம் இளைஞர்களையும் பெண்களையும் லைஃப்சேவர்களாகப் பயிற்றுவித்தபோது, அதே புர்கினியைச் சிவப்பு மஞ்சளில் தைத்துப் போட்டுக்கொண்டு காவலுக்கு நின்றார்கள். சுடிதாரோடும் புடவையோடும் மட்டும் ஆழத்துக்குப் போகாதீர்கள், ஜீன்ஸும் வேண்டாம். பருத்தித் துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், அலை ஒரு தட்டுத் தட்டினால் எழுந்திருக்க முடியாது. கணுக்கால் நனைக்க மட்டும் என்றால் எதுவும் போடலாம்.

வெயில் விஷயத்தில் என் பேச்சைக் கேளுங்கள். நமக்குக் கறுத்த தோல், ஒன்றும் ஆகாது என்று வந்தவர்கள் தோள் உரிந்து போவதைப் பார்த்திருக்கிறேன். எஸ்பிஎஃப் 50 சன்ஸ்க்ரீனை வெளியே போவதற்கு 20 நிமிடம் முன் பூசி, 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். 1981இலிருந்து இங்கே குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது 'ஸ்லிப் ஸ்லாப் ஸ்லாப்': சட்டை போடு, சன்ஸ்க்ரீன் தடவு, தொப்பி வை. பையில் தண்ணீர், துண்டு, மாற்றுத் துணி, தொப்பி, குளிர்கண்ணாடி. ஐஸ் போட்ட பெட்டியை எஸ்கி என்பார்கள், அதில் தயிர்சாதம் எடுத்துப் போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தாங்ஸ் கொண்டு வா என்று நண்பர் சொன்னால் பதற வேண்டாம், இந்த ஊரில் அது ரப்பர் செருப்பு. பாண்டாய் மணலில் மதுவும் கூடாது, சிகரெட்டும் கூடாது.

மூன்றாம் படி: கொடி. இதை இரண்டு தடவை படியுங்கள்

மணலில் சிவப்பு மேலும் மஞ்சள் கீழுமாக இரண்டு கொடிகள் நட்டிருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் குளியுங்கள். ஆஸ்திரேலியக் கடலின் முதல் விதியும் கடைசி விதியும் இதுதான். அந்தக் கொடிகள் நிரந்தரமாக ஒரே இடத்தில் இருப்பதில்லை. காவலர்கள் காலையில் வந்து கடலைப் பார்த்து, மணல் திட்டு எங்கே இருக்கிறது, இழுப்பு எங்கே இருக்கிறது என்று கணித்து நடுவார்கள், நீர் மட்டம் மாறினால் பகலில் இடம் மாற்றுவார்கள். தண்ணீரில் நிற்கும்போது அலை நம்மைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போகும், நமக்குத் தெரியாது. அதனால் அடிக்கடி கரையைத் திரும்பிப் பார்த்து, கொடிகளுக்கு நடுவில்தான் இருக்கிறேனா என்று சரிபாருங்கள். கொடி இல்லையா? குளிக்காதீர்கள். மணலில் உட்காருங்கள், நடங்கள், படம் எடுங்கள், அவ்வளவுதான்.

மற்ற கொடிகளையும் சொல்லிவிடுகிறேன். முழுச் சிவப்பு என்றால் கடல் மூடியாயிற்று. மஞ்சள் மட்டும் என்றால் எச்சரிக்கை. கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக இருந்தால் அந்தப் பக்கம் சர்ஃப் பலகைக்காரர்களின் இடம். சிவப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக ஆட்டி, சைரனும் ஊதினால் கேள்வி கேட்காமல் உடனே கரையேறுங்கள், சுறா தென்பட்டிருக்கலாம்.

நான்காம் படி: ரிப்பை அடையாளம் காண்பது

இந்தக் கடற்கரைகளில் ஆளைக் கொல்வது சுறா இல்லை, ரிப். அலைகள் கரைக்குக் கொண்டு வந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போக ஒரு வாய்க்கால் தேடும், அந்த வாய்க்கால் வழியே வேகமாகக் கடலுக்குள் ஓடும். அதுதான் ரிப். நம் ஊரில் 'கடல் இழுக்குது' என்பார்களே, அது.

பாண்டாயில் என் முதல் வருடம். தெற்கு ஓரத்தில் அலையே இல்லாமல் தண்ணீர் அமைதியாக, கொஞ்சம் கரும்பச்சையாகக் கிடந்தது. இருபுறமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் அமைதி. குழந்தையைக் கூட்டிப் போக இதுதான் நல்ல இடம் என்று கையைப் பிடித்துக்கொண்டு இறங்கப் போனேன். விசில் சத்தம். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா, மஞ்சள் சட்டை, தொப்பி நாடாவைத் தாடைக்குக் கீழே இறுகக் கட்டியிருந்தார், மணலில் வேகமாக நடந்து வந்தார். அதட்டவில்லை. என் தோள் பக்கத்தில் நின்று விரலை நீட்டி, 'அந்த நுரைத் துணுக்கைப் பார்' என்றார். பார்த்தேன். கரையோரம் மிதந்த நுரை, கரைக்கு வராமல், ஆற்றில் இலை போகிற மாதிரி நேராகக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அலை உடையாத இடம் பாதுகாப்பான இடம் இல்லை, ஆழமாக இருப்பதால்தான் அங்கே அலை உடையவில்லை. அந்த ஓரத்து ரிப்புக்கு பேக்பேக்கர்ஸ் ரிப் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், பஸ்ஸில் வந்து இறங்கும் வெளியூர் ஆட்கள் நேராகப் போய் இறங்குவது அங்கேதான் என்பதால்.

சிக்கிவிட்டால் என்ன செய்வது? கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். வேகமான ரிப்பை ஒலிம்பிக் வீரராலும் ஜெயிக்க முடியாது, களைத்துத்தான் மூழ்குவீர்கள். ரிப் ஆளைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டு போகும். மல்லாந்து மிதந்து, ஒரு கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, நுரை பொங்கும் அலைகள் இருக்கும் பக்கம் நீந்துங்கள், அலையே கரைக்குத் தள்ளிவிடும். கொடிகளுக்கு நடுவில் இருந்தால் நீங்கள் கை தூக்குவதைப் பார்க்க ஆள் இருப்பார், ரப்பர் படகு நிமிடத்தில் வரும். யாரும் இல்லாத கடற்கரையில் யார் பார்ப்பது? 2024 ஜனவரி 24 அன்று மெல்பர்ன் பக்கம் பிலிப் தீவின் ஃபாரஸ்ட் கேவ்ஸ் என்ற, காவல் இல்லாத கடற்கரையில் ஒரே இந்தியக் குடும்பத்தைச் சேர்ந்த 4 பேர் மூழ்கி இறந்துபோனார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் எதிலும் வேறு பேச்சே இல்லை. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமும் அதுதான்.

காவல் இருக்கும் இடத்திலும் கடல் கடல்தான். 1938 பிப்ரவரி 6, பாண்டாயில் அடுத்தடுத்து வந்த பெரிய அலைகள் ஒரே இழுப்பில் ஏறக்குறைய 250 பேரை வாரிக்கொண்டு போயின. அன்று கிளப் ஆட்கள் தற்செயலாக நிறையப் பேர் கரையில் இருந்ததால் 5 பேர் தவிர எல்லோரையும் மீட்டார்கள்.

கொட்டும் பிராணிகளைப் பற்றிச் சுருக்கமாக. சிட்னியில் ப்ளூபாட்டில் வரும், நம் கடற்கரைகளில் சொறி என்பார்களே ஜெல்லி மீனை, அந்த மாதிரி, நீலக் குமிழி. கொட்டினால் வாலை எடுத்துப் போட்டு, கடல் தண்ணீரில் கழுவி, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். கிளப்பின் முதலுதவி அறையில் செய்துவிடுவார்கள். வடக்கு குயின்ஸ்லாந்தில் கதையே வேறு, நவம்பரிலிருந்து மே வரை ஆளைக் கொல்லக்கூடிய பெட்டி ஜெல்லி மீன் உண்டு. அங்கே வலை கட்டிய பகுதியில் மட்டும் இறங்குங்கள், கொட்டினால் வினிகர் ஊற்றி உடனே அவசர உதவி எண் 000ஐ அழையுங்கள்.

ஐந்தாம் படி: கிளப்புக்குள் போவது

குளித்தாயிற்று, பசி கொல்கிறது. இப்போது கிளப்.

சிட்னியில் பல கிளப்புகளில் மேல்மாடி உறுப்பினர்களுக்கு மட்டும், கீழே படகும் பலகையும் அடுக்கிய கொட்டகை. கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்த்து 'உள்ளே பார்க்கலாமா' என்று கேளுங்கள், நான் கேட்ட இடத்தில் ஒருவரும் இல்லை என்று சொன்னதில்லை. சுவரில் 100 வருடத்துப் புகைப்படங்கள் வரிசையாக இருக்கும். ரீல் என்ற பழைய கருவி இருந்தால் விடாதீர்கள்: பெரிய ராட்டினத்தில் கயிறு சுற்றியிருக்கும், ஒருவர் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்திப் போய் மூழ்குபவரைப் பிடிக்க, கரையில் நிற்பவர்கள் சுற்றி இழுப்பார்கள். படங்களில் இன்னொன்றும் தெரியும், பழைய படங்களில் முழுக்க ஆண்கள்தான். பெண்களை முழு உறுப்பினர்களாகக் காவலுக்கு எடுத்ததே 1980இல்.

சாப்பாட்டுக்கு என்றால் குயின்ஸ்லாந்துதான். கோல்டு கோஸ்ட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு கிளப்பிலும் மாடியில் உணவகம், எல்லோருக்கும் திறந்தது. கரம்பின் கிளப் யானைப் பாறையை ஒட்டி மணல் மேலேயே இருக்கிறது. பர்லி ஹெட்ஸில் உட்கார்ந்தால் தூரத்தில் சர்ஃபர்ஸ் பாரடைஸ் கட்டடங்கள் வரிசையாகத் தெரியும். கோல்டு கோஸ்ட்டிலிருந்து வடக்கே தள்ளி இருக்கும் நூசாவில் கிளப் ஹேஸ்டிங்ஸ் தெருவில், அங்கே கடற்கரை வடக்குப் பார்த்தது, அலை பெரும்பாலும் சாது, குழந்தைகளுக்கு ஏற்றது.

வாசலில் பாஸ்போர்ட்டோ ஓட்டுநர் உரிமமோ காட்டிப் பதிவு செய்ய வேண்டும், ஒரு நிமிட வேலை. ஈர உடையும் வெறுங்காலும் உள்ளே விட மாட்டார்கள், சட்டை, செருப்பு அவசியம். மேசைக்கு வந்து ஆர்டர் எடுக்க யாரும் வர மாட்டார்கள், கவுன்டரில் சொல்லிக் காசு கட்டினால் ஒரு பஸ்ஸர் தருவார்கள், அது அதிரும்போது போய் வாங்கிக்கொள்ள வேண்டும். சிக்கன் பார்மி, அதாவது பொரித்த கோழிக்கறி மேல் சீஸ் உருக்கியது, பிரபலம், ஆனால் சீஸுக்கு அடியில் பல இடங்களில் பன்றி இறைச்சி வைப்பார்கள், வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். மீனும் சிப்ஸும் எங்கேயும் தப்பில்லை. சைவத்துக்கு பீட்ஸா, காய்கறி பர்கர் இருக்கும், எண்ணெய் தனியா என்று கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். கூட வந்த ஆஸ்திரேலியர் 'என் ஷவுட்' என்றால் இந்தச் சுற்றுப் பானம் அவர் செலவு, அடுத்த சுற்று உங்களுடையது. பழச்சாறுதான் குடிப்பீர்கள் என்றாலும் உங்கள் முறையைத் தவறவிடாதீர்கள், அதை மனசில் வைத்துக்கொள்வார்கள். சூதாட்ட இயந்திரங்கள் ஒரு பக்கம் இருக்கும், குழந்தைகளோடு அந்தப் பக்கம் போகக் கூடாது. வெள்ளி சாயங்காலம் போனால் மீட் ட்ரே ராஃபிள் நடக்கும், இறைச்சித் தட்டுக்கான குலுக்கல் சீட்டு. நாங்கள் இறைச்சி சாப்பிடுவதில்லை, ஆனாலும் சீட்டு வாங்குவோம், கிளப்பில் நீங்கள் செலவழிப்பதில் ஒரு பங்குதான் மீட்புப் படகுக்குப் பெட்ரோலாகவும் முதலுதவிப் பெட்டியாகவும் மாறுகிறது.

ஆறாம் படி: ஞாயிறு காலை, நிப்பர்ஸ்

ஞாயிறு காலை ஏன் என்றேன் அல்லவா? அன்றுதான் நிப்பர்ஸ், கிளப் குழந்தைகளுக்கு நடத்தும் கடற்கரைப் பயிற்சி. 5 வயதிலிருந்து 13 வயது வரையிலான குழந்தைகள், கண்ணைப் பறிக்கும் பிங்க் நிற மேல்சட்டை, கிளப் நிறத் தொப்பி, நூற்றுக்கணக்கில் மணலில். பீச் ஃப்ளாக்ஸ் என்ற விளையாட்டைப் பாருங்கள். குழந்தைகள் குப்புறப் படுத்திருப்பார்கள், குதிகால் பக்கம் தூரத்தில் மணலில் ரப்பர் குழாய்த் துண்டுகள் நட்டிருக்கும், ஆட்களை விட ஒன்று குறைவாக. விசில் ஊதியதும் எழுந்து, திரும்பி, ஓடி, பாய்ந்து பிடிக்க வேண்டும். நம் நாற்காலி விளையாட்டுதான், மணலில். என் மகள் முதல் இரண்டு வாரம் எதையும் பிடிக்கவில்லை. மூன்றாவது வாரம் பாய்ந்து பிடித்தாள், வாயெல்லாம் மணல், குழாயை என்னிடம் நீட்டிக்கொண்டே ஓடி வந்தாள்.

விளையாட்டுக்கு நடுவிலேயே கடலைப் படிக்கக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள், இன்று அவள் என்னிடம் ரிப்பைக் காட்டுகிறாள். இங்கே குடியிருப்பவர்கள் கட்டாயம் சேர்த்துவிடுங்கள், மேற்கு சிட்னியிலிருந்து அதிகாலையில் கிளம்புவது சிரமம்தான், ஆனால் மதிப்புண்டு. பதிவு குளிர்காலக் கடைசியிலேயே (இங்கே அது ஆகஸ்ட்) தொடங்கிவிடும், நீச்சல் குளத்தில் ஒரு சின்னத் தேர்வு உண்டு. பெற்றோரைச் சும்மா உட்கார விட மாட்டார்கள், தொப்பி எண்ணுவதற்கோ சாஸேஜ் சுடுவதற்கோ கூப்பிடுவார்கள். நமக்கு நண்பர்கள் கிடைத்தது அந்த அடுப்படியில்தான். சுற்றுலா வந்தவர்கள் ஓரமாக நின்று தாராளமாகப் பார்க்கலாம், அடுத்தவர் குழந்தைகளை மட்டும் படம் எடுக்காதீர்கள்.

கோடையில் கிளப்புகளுக்கிடையே கார்னிவல் என்ற போட்டிகள் நடக்கும். நான்கு பேர் துடுப்புப் போட, பின்னால் ஒருவர் நின்று திசை பிடிக்க, சர்ஃப் படகு அலை மேல் செங்குத்தாக ஏறுவதைக் கரையில் நின்று பார்ப்பதற்குக் காசும் இல்லை.

பெரியவர்கள் சேர விரும்பினால்

15 வயது முடிந்த யாரும் ப்ரான்ஸ் மெடாலியன் பயிற்சிக்குப் போகலாம், காவலுக்கு நிற்பதற்கான தகுதி அது. 400 மீட்டரை 9 நிமிடத்துக்குள் நீந்த வேண்டும். அப்புறம் 200 மீட்டர் ஓட்டம், 200 மீட்டர் கடல் நீச்சல், மறுபடி 200 மீட்டர் ஓட்டம், எல்லாம் சேர்த்து 8 நிமிடத்துக்குள். கூடவே முதலுதவி, செயற்கைச் சுவாசம், வயர்லெஸ் தொடர்பு, மிதவையோடு நீந்திப் போய் மீட்பது எல்லாம் கற்றுத் தருவார்கள். அவ்வளவு நீந்த வராது என்றால் முதலுதவிக்கோ வயர்லெஸ்ஸுக்கோ மட்டும் சேரலாம், அதற்கும் ஆள் தேவைதான்.

அலையே வேண்டாம், அமைதியாக நீந்தினால் போதும் என்பவர்களுக்குப் பாறையோரக் கடல் குளங்கள். ப்ரான்டியில் ஒன்று இருக்கிறது. கூஜியில் மெக்ஐவர்ஸ் குளம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும், சின்னக் கட்டணம், பாறைப் படியில் இறங்கினால் தெளிந்த கடல் தண்ணீர். என் அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலில் கழுத்தளவு நின்றது அங்கேதான், அறுபத்தேழு வயதில், ஒரு கை பாறையில், ஒரு கை என் தோளில்.

கடைசியாக ஒன்று. சாயங்காலம் ஐந்து, ஆறு மணி வாக்கில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும், காவல் முடிகிறது என்று. இரண்டு பேர் போய் கொடிகளைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு கிளப்பை நோக்கி நடப்பார்கள். வெளிச்சம் இன்னும் இருக்கும், தண்ணீர் இதமாக இருக்கும், குழந்தைகள் இன்னும் ஐந்து நிமிடம் என்று கெஞ்சும். அப்போதே ஏறிவிடுங்கள். வெளிக்குழாயில் மணலைக் கழுவிக்கொண்டு, கொடி சுமந்து போகிறவர்களுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.